பிரேசில் சல்வடார்: அம்மாவோடு எட்டு நாள், எப்படித் திட்டமிடுவது?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் ஆபீஸ் கருத்தரங்கு ஒன்றுக்காக சாவ் பாவ்லோ போகிறேன். 23-ஆம் தேதி வேலை முடிந்துவிடும். அம்மாவையும் கூட்டிப் போகிறேன். அப்பா போன பிறகு அம்மா கும்பகோணத்தை விட்டு எங்குமே வரவில்லை. இந்த முறைதான் சரி என்றார்.

பிரேசில் என்றதும் எல்லோரும் ரியோ, இகுவாசு அருவி என்கிறார்கள். அம்மா மட்டும் பஹியா மாநிலத் தலைநகரான சல்வடார் என்று ஒரே பிடியாக நிற்கிறார். 31 வருடம் வரலாறு நடத்தியவர். "அடிமை வணிகம் பாடத்துக்குக் கரும்பலகையில் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு அம்புக்குறி போட்டு, அந்தப் பக்கம் பஹியா என்று எழுதுவேன். அந்த அம்பு போய்ச் சேர்ந்த ஊரைப் பார்க்கணும்" என்கிறார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

டிக்கெட் ஜனவரி 24 முதல் பிப்ரவரி 1 காலை வரை. அம்மாவுக்கு வயது 63. இடது முழங்கால் வலி உண்டு, படி ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். நாங்கள் இருவரும் சைவம், முட்டையும் கிடையாது.

எந்தப் பகுதியில் தங்கலாம்? எதைப் பார்க்கலாம், எதை விடலாம்? ஆப்பிரிக்க மரபில் வந்த அவர்கள் வழிபாட்டை வெளியாட்கள் பார்க்க விடுவார்களா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தெற்குக்காற்று:

சகோதரி, முதல் வேலையாக அந்த பிப்ரவரி 1 டிக்கெட்டை 3 அல்லது 4-ஆம் தேதிக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். பிப்ரவரி 2 அங்கே யெமான்ஜாவின் நாள். கடல் தாயின் திருவிழா. ஊரே வெள்ளையும் நீலமும் உடுத்தி, ரியோ வெர்மெல்யோ கடற்கரையில் பூ விடும். அதற்கு முந்தின நாள் ஊரை விட்டுக் கிளம்புவது என்பது தேர் நிலையிலிருந்து புறப்படும் நேரத்தில் திருவாரூரை விட்டுக் கிளம்புகிற மாதிரி.

நான் மறைமலைநகரில் ஒரு கார் தொழிற்சாலையில் இருந்தபோது, 2011-ல் சல்வடாருக்குப் பக்கத்திலுள்ள கமசாரிக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் இருந்தேன். முதல் ஆறு மாதம் பட்டியல் போட்டுக்கொண்டு சுற்றினேன்: இந்தக் கோட்டை, அந்த மியூசியம் என்று. ஊர் எனக்குப் பிடிபடவே இல்லை. அப்புறம் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்த ஒரு பாட்டியம்மா சொன்னார், "இங்கே இடத்தைக் கேட்காதே, கிழமையைக் கேள்" என்று. அதிலிருந்துதான் ஊர் திறந்தது. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். நமக்குச் செவ்வாய் வெள்ளி எப்படியோ, அவர்களுக்கும் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு தெய்வம் உண்டு. ஒரிஷா என்பார்கள். யொரூபா மக்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனதில் கட்டிக்கொண்டு வந்த தெய்வங்கள். அந்த வழிபாட்டு மரபின் பெயர் கந்தோம்ப்ளே.

வெள்ளிக்கிழமை ஒஷாலாவின் நாள். அன்று பேருந்து நடத்துனர், வங்கி ஊழியர், பழக்கடைக்காரர் என்று எத்தனையோ பேர் வெள்ளை உடுத்தியிருப்பார்கள். நீங்களும் வெள்ளையில் பொன்ஃபிம் தேவாலயத்துக்குப் போங்கள். அங்கே ஏசுவாக இருப்பவரும் ஒஷாலாவும் ஒருவரே என்பது மக்களின் நம்பிக்கை. சொந்தச் சாமியைக் கும்பிடத் தடை இருந்த காலத்தில் எஜமானின் சாமிக்குள்ளே தங்கள் சாமியை வைத்துக் கும்பிட்டார்கள். வாசல் கம்பி முழுக்க வண்ண நாடாக்கள் படபடக்கும். ஒரு நாடா 47 செ.மீ., உள்ளே இருக்கும் சிலையின் வலது கை நீளம் என்பார்கள். கையில் மூன்று முடிச்சு, மூன்று வேண்டுதல். தானாக அறுந்து விழும் வரை அவிழ்க்கக் கூடாது. பக்கத்து அறையில் மெழுகில் செய்த கை, கால், தலை எல்லாம் கூரையிலிருந்து தொங்கும். சமயபுரத்தில் கண்மலர், கை கால் தகடு காணிக்கை போடுவதைப் பார்த்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

(இந்தக் கோயிலின் படி கழுவும் விழா இன்னும் பெரிது. வெள்ளைப் பாவாடையும் தலைக்கட்டும் அணிந்த, பையானா எனப்படும் பஹியாப் பெண்கள் மணநீர்க் குடங்களோடு 8 கி.மீ. நடந்து வந்து வாசற்படிகளைக் கழுவுவார்கள். ஜனவரி 6-க்குப் பின் வரும் இரண்டாவது வியாழன், அதாவது நம் பொங்கலை ஒட்டி வரும். நீங்கள் போய்ச் சேருவதற்குள் முடிந்திருக்கும். வருத்தம்தான்.)

செவ்வாய் மாலை 6 மணிக்கு, மேட்டிலுள்ள பழைய நகரப் பகுதியான பெலோரிஞ்யோவில் உள்ள ரொசாரியோ தோஸ் ப்ரேத்தோஸ் தேவாலயம். பெயருக்கே 'கறுப்பர்களின் ஜெபமாலை மாதா' என்று பொருள். அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் சேர்ந்து வைத்திருந்த சங்கம் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய நீல நிறக் கோயில். கறுப்புப் புனிதர்கள் மாடத்தில் நிற்பார்கள். செவ்வாய்ப் பூசையில் ஆர்கனோடு அதபாகே முரசும் ஒலிக்கும். ரொட்டிக் கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் ஆடியபடி பீடத்துக்குப் போவார்கள், பிறகு அந்த ரொட்டியை எல்லோருக்கும் பகிர்வார்கள். நான் முதல் முறை போனபோது பக்கத்தில் இருந்த கிழவர் தன் துண்டில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்து மூடினார். அம்மாவை நேரத்தோடு கூட்டிப் போய் பெஞ்சில் உட்கார வையுங்கள். பின்பக்கம் ஒரு சிறிய கல்லறை முற்றம் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

பெலோரிஞ்யோ என்ற சொல்லுக்கே 'கசையடிக் கம்பம்' என்றுதான் அர்த்தம். இன்று மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்புமாக வீடுகள் பளிச்சென்று நிற்கின்றன. 1985-லிருந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். ஆனால் பெயர் மாறவில்லை, மாற்றவும் வேண்டாம் என்பேன். அம்மாவுக்கு ஒரு கணக்கு: பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 48 லட்சம் பேர், உலகிலேயே இதுதான் மிக அதிகம். 1549-லிருந்து 1763 வரை சல்வடார்தான் தலைநகர். அடிமைமுறையை ஒழிக்க 1888 வரை ஆயிற்று. அம்மா போட்ட அம்புக்குறி தப்பவே இல்லை.

நீங்கள் இறங்குகிற தேதியும் சாதாரணமானதில்லை. 1835 ஜனவரி 24 இரவு, இந்த ஊரில்தான் ஆப்பிரிக்க முஸ்லிம் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். ரமலான் மாதக் கடைசி நாட்கள். வெள்ளை அங்கி போட்டு, குர்ஆன் வசனம் எழுதிய தாயத்துக் கட்டிக்கொண்டு சுமார் 600 பேர் தெருவில் இறங்கினார்கள். மலே கிளர்ச்சி என்று பெயர். ஒரே இரவில் அடக்கிவிட்டார்கள். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த அடிமைகள் என்ற செய்தி எஜமானர்களைப் பல காலம் தூங்கவிடவில்லை.

கீழ் நகரத்தில் உள்ள மெர்காதோ மொதேலோ சந்தைக்குப் போனால், 'இந்த நிலவறையில்தான் அடிமைகளை அடைத்து வைத்தார்கள்' என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அந்தச் சுங்கக் கட்டடம் 1861-ல் எழும்பியது. கப்பலில் அடிமைகளைக் கொண்டுவருவதை 1850-லேயே தடைசெய்துவிட்டார்கள். வரலாறு டீச்சரிடம் இந்தக் கதை செல்லாது. சந்தையில் கைவினைப் பொருள் வாங்கலாம், அவ்வளவுதான். கொடுமையை உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பழைய மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில் உள்ள ஆப்ரோ-பிரேசில் மியூசியம். அங்கே கரிபே என்ற கலைஞர் மரத்தில் செதுக்கிய 27 ஒரிஷா பலகைகள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. ஒரு மணி நேரம் அந்த ஒரு அறைக்கே கொடுங்கள்.

திங்கட்கிழமை பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சுக்கு மிக நெருங்கியது அது. ஒமொலு என்று ஒரு ஒரிஷா. அம்மை நோயைத் தருபவரும் அவரே, ஆற்றுபவரும் அவரே. முகம் தெரியாதபடி வைக்கோலால் மூடியிருப்பார். அவருக்குரிய படையல் சோளப்பொரி. திங்கள் காலை சாவ் லாசரோ தேவாலய வாசலில் பெண்கள் கூடை நிறையப் பொரியோடு உட்கார்ந்திருப்பார்கள். தலையிலிருந்து கால்வரை பொரியைச் சொரிந்து, இலைக்கொத்தால் தடவி விடுவார்கள். மூன்றாம் மாடிப் பாட்டியம்மா என்னைக் கூட்டிப் போனார். பொரி தலையில் விழுந்தபோது, எங்கள் ஊரில் தங்கைக்கு அம்மை போட்டு, அம்மா வேப்பிலையால் வருடிக்கொண்டு "முத்து இறங்கிடுச்சு" என்று சொன்னது காதில் கேட்டது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பாட்டியம்மா காரணம் கேட்கவில்லை. அங்கே அழுகிறவர்களை யாரும் கேட்பதில்லை.

தங்குமிடம்: முழங்கால் வலி என்பதால் பார்ரா. (எழுத்தில் அப்படி, டாக்ஸிக்காரரிடம் 'பாஹா' என்றால்தான் புரியும்.) கடலோரச் சாலை சமதளம், போர்த்தோ த பார்ராவில் அலை அதிகம் இருக்காது, அம்மா காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். ஊர் ஒரு முனைபோல நீண்டு விரிகுடாவைப் பார்த்து நிற்பதால் சூரியன் கடலில் மறையும். கலங்கரை விளக்கத்தடியில் மாலை 5 மணிக்கே இடம் பிடியுங்கள். பெலோரிஞ்யோவின் தெருக்கள் முழுக்க உருட்டுக் கல், செங்குத்துச் சரிவு. அங்கே ஒரே நாளில் எல்லாம் பார்க்க நினைக்காதீர்கள். மேலே டாக்ஸியில் போய் இறங்கி, கீழே வர லசெர்தா மின்தூக்கி. 1873-லிருந்து ஓடுகிறது, 72 மீட்டர் உயரம், அரை நிமிடத்தில் கீழே. படி இறங்கும் பிரச்சினையே இல்லை.

ஒரு வருத்தமான செய்தி. தங்கத் தகடு போர்த்திய சாவ் ஃப்ரான்சிஸ்கோ தேவாலயத்தின் கூரை 2025 பிப்ரவரியில் இடிந்து விழுந்து, சுற்றுலா வந்த ஒரு பெண் இறந்துபோனார். அதோடு மூடினார்கள். திறந்துவிட்டார்களா என்று அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு: பயப்பட வேண்டாம், கவனம் வேண்டும். ஞாயிறு மாலை ஆள் நடமாட்டமில்லாத கீழ் நகரத்தில் நான் போனைக் கையில் பிடித்து வழி பார்த்துக்கொண்டு நடந்தேன், பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். தவறான நேரம், தவறான இடம். இரவில் வாசலிலிருந்து வாசலுக்கு டாக்ஸி. நகையை ஊரிலேயே விட்டுவிடுங்கள், தாலிச் செயின் உட்பட எதுவும் வெளியே தெரியக் கூடாது.

---

ரசமும்_ரொட்டியும்:

தெற்குக்காற்று சொன்னதெல்லாம் சரி. சாப்பாட்டை நான் சொல்கிறேன். ஆறு வருடமாக சாவ் பாவ்லோவில் இருக்கிறோம், சைவம். சல்வடாருக்கு மூன்று முறை போயிருக்கிறோம்.

அகராஜே சாப்பிடாமல் வரக் கூடாது. தெருமுனையில் வெள்ளைப் பாவாடையோடு பையானா அம்மா உட்கார்ந்து சுடுவார். காராமணியை ஊறவைத்து, தோல் நீக்கி, வெங்காயமும் உப்பும் சேர்த்து அரைத்து, மரக்கரண்டியால் நுரைக்க நுரைக்க அடித்து, சிவந்த பனை எண்ணெயில் பொரிப்பது. நம் வடைக்கு அக்கா முறை. யொரூபா மொழியில் 'அகரா' என்றால் இந்த உருண்டைதான், பெயரும் கடல் கடந்து வந்திருக்கிறது.

கவனிக்க வேண்டியது உள்ளே வைப்பதை. வத்தபா, கருரு இரண்டிலும் காய்ந்த இறால் அரைத்துப் போட்டிருப்பார்கள். கருரு வெண்டைக்காய்தானே என்று ஏமாறாதீர்கள். மேலே தூவும் இறாலை மட்டும் வேண்டாம் என்றால் போதாது. "வத்தபா வேண்டாம், கருரு வேண்டாம், இறால் வேண்டாம், சாலட், மிளகாய் மட்டும்" என்று சொல்லுங்கள். எண்ணெய்ச் சட்டி ஒன்றேதான், சில பேர் அதிலேயே வேறு எதையும் பொரிப்பதுண்டு. அம்மா எவ்வளவு கண்டிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். "கேன்ச்சி?" என்று கேட்டால் சூடா என்று அர்த்தமில்லை, காரம் போடவா என்று அர்த்தம். தைரியமாகத் தலையாட்டலாம். வாழை இலையில் வேகவைத்த அபரா பார்க்க நம் கொழுக்கட்டை மாதிரி இருக்கும், ஆனால் மாவிலேயே இறால் சேர்ப்பார்கள். தவிருங்கள்.

காலை உணவுக்கு மரவள்ளி மாவில் சுட்ட தபியோகா, தேங்காய்த் துருவலோடு. சேலத்து ஜவ்வரிசிக்குக் கிழங்கு கொடுத்த கண்டம் இதுதான் என்று டீச்சர் அம்மாவிடம் சொல்லுங்கள். கொய்யாவும் அன்னாசியும் இங்கிருந்து நம்மிடம் வந்தவை. மா, பலா, தேங்காய் கடல் வழியே இங்கே வந்து சேர்ந்தவை. ஜனவரியில் பலாப்பழ வாசனை தெருவிலேயே அடிக்கும்.

ஓட்டலில் பருப்புக் குழம்பு மாதிரி இருக்கிற பீன்ஸில் பெரும்பாலும் இறைச்சித் துண்டு போட்டிருப்பார்கள், கேட்காமல் ஊற்றிக்கொள்ளாதீர்கள். சமையலறை உள்ள அறையாக எடுங்கள். அரிசி, தக்காளி, வெண்டை, கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். பெருங்காயமும் ரசப்பொடியும் மட்டும் கொண்டு வாருங்கள். அறைச் சாவி வாங்கும்போது அம்மா ஆச்சரியப்படுவார். அவர்களுக்கும் அது 'ஷாவி'தான். ஜன்னல் 'ஜனேலா', மேசை 'மேஸா'.

---

பயணப்பை:

எல்லோரும் ஊரைப் பற்றியே பேசுகிறார்கள், ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிற்று. பிரேசிலிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் அட்டை செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். குறிப்பிட்ட கிழமைகளில்தான், எனவே முன்பதிவு, பாஸ்போர்ட் இரண்டும் தேவை.

உங்கள் அம்மாவுக்கு 63 என்பதால் இன்னொன்று. 60 வயதுக்கு மேல் இந்த ஊசியை முதல் முறையாகப் போடும்போது பக்கவிளைவுக்கான வாய்ப்பு சற்று கூடுதல். முட்டை ஒவ்வாமை இருக்கிறதா, வேறு மருந்து எடுக்கிறாரா என்பதெல்லாம் சொல்லி டாக்டரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். இதை டிசம்பர் கடைசிக்குத் தள்ளாதீர்கள். விசாவும் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

---

காவிரிக்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. டிக்கெட்டை பிப்ரவரி 4-க்கு மாற்றிவிட்டேன். டாக்டரிடம் அடுத்த திங்கள் போகிறோம். அம்மா எல்லாப் பதில்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்து, டைரியில் கிழமை வாரியாக எழுதி வைத்திருக்கிறார். மலே கிளர்ச்சி பற்றித் தனக்கே தெரியாமல் போயிற்றே என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் கேள்விகள் இரண்டு. அங்கே காந்தி பெயரில் ஒரு குழு இருக்கிறது என்று எங்கோ படித்தாராம், உண்மையா? யெமான்ஜா நாளில் நாமும் பூ விடலாமா, அல்லது அது அவர்களுக்கு மட்டுமா?

என் கேள்வி: கந்தோம்ப்ளே வழிபாட்டைப் பார்ப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

தெற்குக்காற்று:

காந்தி குழு உண்மை. பெயர் 'ஃபீல்யோஸ் தெ காந்தி', காந்தியின் பிள்ளைகள். 1949-ல் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கறுப்புத் தொழிலாளர்கள் தொடங்கியது. முந்தின வருடம்தான் காந்தியைச் சுட்டார்கள். அந்தச் செய்தி அத்தனை தூரம் போய் அந்த மனிதர்களைத் தொட்டிருக்கிறது. கார்னிவலில் ஆயிரக்கணக்கான ஆண்கள் வெள்ளை அங்கி, துண்டால் கட்டிய வெள்ளைத் தலைப்பாகை, நீலமும் வெள்ளையுமான மணிமாலையோடு நடப்பார்கள். மற்ற குழுக்கள் ஒலிபெருக்கி லாரிகளோடு அதிர அதிர வரும்போது, இவர்கள் இஜெஷா என்ற மென்மையான தாளத்தில், லாவண்டர் வாசனை தெளித்துக்கொண்டு வருவார்கள். அந்தத் தாளமே கோயில் தாளம். வெள்ளை ஒஷாலாவுக்கு, நீலம் ஒகுமுக்கு. ஆக, காந்தியையும் தங்கள் சாமிகளோடு சேர்த்தே நடத்திக் கூட்டிப் போகிறார்கள். நான் இந்தியன் என்று தெரிந்ததும் அந்தக் குழுவைச் சேர்ந்த ஒரு பெரியவர் தன் கழுத்து மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். இன்றும் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறது. அவர்கள் அலுவலகம் பெலோரிஞ்யோவிலேயே இருக்கிறது, அம்மாவைக் கூட்டிப் போய் வாசலில் நின்றால் போதும்.

கந்தோம்ப்ளே: வழிபடும் இடத்துக்கு தெரேய்ரோ என்று பெயர். காசா ப்ராங்கா மிகப் பழையது. 1984-ல் நாட்டின் பாரம்பரியச் சொத்தாக அறிவித்த முதல் தெரேய்ரோ அதுதான். பொது விழா நாட்களில் வெளியாட்களை அனுமதிப்பார்கள், கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டு 'கந்தோம்ப்ளே ஷோ' என்று கூட்டிப் போனால் போகாதீர்கள். அந்தந்த வீட்டின் நாட்காட்டிப்படி நடப்பதால் உங்கள் தேதியில் இருக்கிறதா என்று தங்குமிடத்தில் கேளுங்கள். வெள்ளை அல்லது வெளிர் நிறம், கறுப்பு கூடாது. போட்டோ கூடவே கூடாது. ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் உட்கார வேண்டும். இரவு நெடுநேரம் நடக்கும். யாராவது ஒருவர் மேல் ஒரிஷா இறங்கினால் எழுந்து நிற்கச் சொல்வார்கள், நில்லுங்கள். சாமியாட்டம் பார்த்து வளர்ந்த நமக்கு அதில் மிரள ஒன்றுமில்லை. அங்கே மிரண்டவர்கள், சிரித்தவர்கள் எல்லோரையும் பார்த்திருக்கிறேன், இரண்டுமே அவர்களைப் புண்படுத்தும். இந்த வழிபாட்டுக்காகப் போலீஸ் அடித்து முரசுகளைப் பிடுங்கிப்போன காலம் 20-ஆம் நூற்றாண்டு வரைக்கும் இருந்தது.

அம்மாவின் பூக் கேள்விக்கு: தாராளமாக விடலாம். பகல் ஏறினால் கூட்டம் தாங்காது. முழங்காலை நினைத்து விடியற்காலை 5 மணிக்கே ரியோ வெர்மெல்யோ போய்விடுங்கள். மீனவர்கள் வைத்திருக்கும் யெமான்ஜா வீட்டின் பக்கம் வரிசை நிற்கும். அங்கே பெரிய கூடைகளில் உங்கள் பூவை வைத்தால் மாலையில் படகில் ஏற்றி நடுக்கடலில் சேர்ப்பார்கள். கையாலேயே அலையில் விட ஆசைப்பட்டால் பக்கத்து மணலில் இறங்கலாம். பாறைகள் உண்டு, அம்மாவின் கையை விடாதீர்கள். சாலையோரம் வெள்ளை ரோஜா விற்பார்கள். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பூவை மட்டும் விடச் சொல்லுங்கள்.